விசிறி வேகத்தைப் பார்க்க 'மாஸ்டர் சாவி' எதற்கு? கணினிக் குளிரூட்டியும் டிரைவர் சிக்கலும்

"சித்தி, என் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்காம். ஆனா நான் புதுசா ஒண்ணுமே டவுன்லோடு பண்ணலையே!"

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனிடமிருந்து வந்த அழைப்பு இது.

பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில், சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டிய கணினி. உள்ளே தண்ணீர் ஓடும் குளிரூட்டி, மூன்று விசிறிகள்.

கிருமித்தடுப்பு மென்பொருள் சிவப்பில் காட்டிய கோப்பு, கள்ளப் பதிப்பு விளையாட்டு எதுவும் இல்லை. விசிறிகளின் வேகத்தைப் பார்க்கவும் கூட்டிக் குறைக்கவும் அவன் ஈராண்டாகப் பயன்படுத்திவந்த இலவச மென்பொருளின் ஒரு பகுதிதான் அது.

திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'நீக்கு'. இன்னொன்று 'அனுமதி'.

"எதை அழுத்தணும் சித்தி?"

அந்த நேரத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், பல நாடுகளில் பலர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

என்ன நடந்தது?

விண்டோஸுடன் சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் பாதுகாப்பு மென்பொருள், 2025 மார்ச்சில் 'வின்ரிங்0' என்ற டிரைவரை ஆபத்தானது என்று அடையாளம் காட்டத் தொடங்கியது.

பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் கணினியின் வெப்பநிலை, விசிறி வேகம், வண்ண விளக்குகள் ஆகியவற்றைக் கவனிக்கும் பல மென்பொருள்கள் உள்ளுக்குள் அதைத்தான் நம்பியிருந்தன. 'ஃபேன் கன்ட்ரோல்', 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்', 'ஓப்பன்ஆர்ஜிபி' ஆகியவை அவற்றில் சில.

ஒரே எச்சரிக்கையில் அத்தனையும் சிக்கிக்கொண்டன.

"டிஃபெண்டர் தேவையில்லாமல் பயமுறுத்துது" என்றார்கள் சிலர். "இவ்வளவு நாள் இதை விட்டுவைத்ததே தப்பு" என்றார்கள் வேறு சிலர்.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. அது ஏன் என்று புரிய, முதலில் கணினிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவேண்டும்.

தண்ணீர்க் குளிரூட்டி எப்படி வேலை செய்கிறது?

கார் எஞ்சினில் இருக்கும் அதே ஏற்பாடுதான்.

பிராசசரின் மேல் ஓர் உலோகத் தட்டு உட்காரும். அதன் வழியாகத் திரவம் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு சிறிய பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளும். விசிறிகள் ரேடியேட்டரில் காற்றடித்துச் சூட்டை வெளியேற்றும். ஆறிய திரவம் மீண்டும் பிராசசருக்கே திரும்பும்.

இதில் கவனிக்கவேண்டிய எண்கள் மூன்று:

• பம்ப் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது?
• விசிறிகள் எத்தனை சுற்று சுற்றுகின்றன?
• திரவத்தின் வெப்பநிலை என்ன?

மூன்றாவது எண் முக்கியமானது. பிராசசரின் வெப்பநிலை நொடிக்கு நொடி எகிறிக் குதிக்கும். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே 10, 20 டிகிரி ஏறி இறங்கலாம். அதைப் பார்த்து விசிறியை ஓட்டினால், விசிறியும் சும்மா சும்மா உறுமும்.

தண்ணீரோ மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அதன் வெப்பநிலையை வைத்து விசிறியை இயக்கினால் சத்தம் குறைவு.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரேடியேட்டரால் திரவத்தை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. குளிர்சாதனம் போடாத வீவக வீட்டு அறையில் 30 டிகிரி என்றால், திரவம் 30க்கு மேல்தான் இருக்கும். குளிர் நாட்டில் 20 டிகிரி அறையில் இருப்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி நமக்குக் கிடையாது.

அதனால் அந்த எண்ணைத் தெரிந்துகொள்வது இங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை.

டிரைவர் என்றால் என்ன?

ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மொழி பேசும். அந்த மொழியை இயங்குதளத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் மென்பொருள்தான் டிரைவர்.

அச்சு இயந்திரத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று என்று உங்கள் கணினிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட டிரைவர்கள் இருக்கலாம்.

அவற்றில் பல, இயங்குதளத்தின் மையப் பகுதியான 'கெர்னலில்' இயங்குகின்றன.

கணினிக்குள் அதிகார அடுக்குகள் உண்டு. அவற்றை 'ரிங்' என்பார்கள். நாம் பயன்படுத்தும் செயலிகள் வெளி அடுக்கான ரிங் 3இல் இயங்கும். கெர்னல் இருப்பது உள் அடுக்கான ரிங் 0இல். அங்கே நுழைந்துவிட்டால் நினைவகம், கோப்பு, கடவுச்சொல் என எதையும் தொடலாம். தடுக்க யாரும் இல்லை.

வின்ரிங்0 என்ற பெயருக்கு அர்த்தம் இப்போது புரிந்திருக்கும். விண்டோஸில் ரிங் 0 வரை போக ஒரு வழி.

ஒரு விசிறி எண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா?

இரண்டு விதமான கருவிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதல் வகை, மதர்போர்டில் நேரடியாகச் செருகப்படும் விசிறி. அதன் நான்கு கம்பிகளில் ஒன்று நிலக்கம்பி. ஒன்று 12 வோல்ட் மின்சாரம். மூன்றாவது, விசிறி ஒருமுறை சுற்றும்போது இரண்டு துடிப்புகளை அனுப்பும். நான்காவது கம்பி வழியாக "வேகத்தைக் கூட்டு, குறை" என்ற கட்டளை போகும்.

துடிப்புகளை எண்ணுவது மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சில்லு. 'சூப்பர் ஐஓ' சில்லு என்பார்கள். தைவானின் நுவோடன், ஐடிஇ நிறுவனங்களின் சில்லுகள் பரவலாக இருக்கின்றன.

அந்தச் சில்லுடன் சாதாரணச் செயலி பேச முடியாது. கெர்னல் மட்டுமே பேசலாம். பிராசசரின் சொந்த வெப்பநிலையைப் படிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டாம் வகை, யுஎஸ்பி வழியாக இணையும் குளிரூட்டிகளும் விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவிகளும். இவற்றுடன் பேசப் பல நேரங்களில் கெர்னல் அதிகாரம் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருக்கிறது. அந்த மொழியின் இலக்கணத்தைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

விளைவு? குளிரூட்டி ஒரு நிறுவனத்துடையது, விசிறி இன்னொன்றுடையது, மதர்போர்டு மூன்றாவது நிறுவனத்துடையது என்றால், மூன்று மென்பொருள் போடவேண்டும். சில சமயம் இரண்டு மென்பொருள்கள் ஒரே கருவியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்க முடியாதா?" என்று பயனீட்டாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இலவச மென்பொருள்கள் வந்தன. அவற்றுக்குக் கெர்னலுக்குள் போக ஒரு வழி தேவைப்பட்டது.

ஏன் எல்லாரும் ஒரே டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள்?

காரணம் கையொப்பம்.

விண்டோஸில் யார் வேண்டுமானாலும் டிரைவர் எழுதிக் கெர்னலில் ஏற்றிவிட முடியாது. அதற்கு மின்னிலக்கக் கையொப்பம் வேண்டும்.

2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1607இலிருந்து விதி இன்னும் கடுமையானது. புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்டிடமே அனுப்பிக் கையொப்பம் பெறவேண்டும். அதற்குப் பதிவுபெற்ற நிறுவனமாக இருக்கவேண்டும். தனிச் சான்றிதழும் வாங்கவேண்டும். அதை அவ்வப்போது காசு கொடுத்துப் புதுப்பிக்கவும் வேண்டும்.

வேலை முடிந்து வந்து, ராத்திரியில் இலவசமாக மென்பொருள் எழுதும் தனி ஆளுக்கு இது எட்டாக் கனி.

வின்ரிங்0 அதற்கு முன்பே வந்தது. பழைய கையொப்பம் அதற்கு இருந்தது. பழைய சான்றிதழ்களுக்கு விண்டோஸ் விலக்கு அளித்ததால், புதிய கணினிகளிலும் அது ஓடியது. திறந்த மூல மென்பொருள் என்பதால் காசும் கேட்கவில்லை.

அதனால் ஒருவர் எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார். இலவச மென்பொருள்கள் மட்டுமல்ல, வணிக நிறுவனங்கள் சிலவும் எடுத்துக்கொண்டன.

அப்போ ஆபத்து உண்மைதானா?

உண்மைதான்.

வின்ரிங்0 தன்னிடம் கேட்பவர் யார் என்று சரியாகப் பார்ப்பதில்லை. நினைவகத்தின் எந்தப் பகுதியையும் படிக்க, எழுத வழிவிடுகிறது. இந்தக் குறைபாட்டுக்கு 2020இல் 'சிவிஇ-2020-14979' என்ற பதிவு எண் கொடுக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் 'இவிஜிஏ பிரிசிஷன் எக்ஸ்1' மென்பொருளுடன் வந்த வின்ரிங்0 பற்றியது அந்தப் பதிவு.

வீவக வீடுகளில் தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கும்? பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்துச் சுவர் அறையில். மீட்டர் பார்க்க வருபவர் உங்கள் கதவைத் தட்டவே வேண்டியதில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

வின்ரிங்0 வழி அப்படியில்லை. மீட்டரைப் பார்க்க வந்தவருக்குப் புளோக்கின் எல்லா வீடுகளையும் திறக்கும் மாஸ்டர் சாவியைக் கொடுத்து, அதை வாசலிலேயே தொங்கவிட்டுப் போகச் சொல்வதுபோல.

வந்தவர் நல்லவர்தான். ஆனால் சாவி தொங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்து வருபவர் யார்?

'ஸ்டீல்ஃபாக்ஸ்' என்ற தீங்குநிரல் பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2024 நவம்பரில் எச்சரித்தது. கட்டண மென்பொருள்களை இலவசமாகத் திறக்கும் கருவி என்று ஏமாற்றிக் கணினிக்குள் நுழையும் அது, கூடுதல் அதிகாரத்தைப் பெற வின்ரிங்0ஐத்தான் பயன்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தத் தீங்குநிரல் வின்ரிங்0ஐத் தன்னுடனேயே கொண்டுவந்தது. உங்கள் கணினியில் அது ஏற்கெனவே இருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. விண்டோஸ் நம்பும் கையொப்பம் இருந்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே தடுக்க முன்வந்ததற்குக் காரணம் புரிகிறது, இல்லையா?

கெர்னலில் ஒரு தவறு நடந்தால் என்ன ஆகும்?

சிங்கப்பூரும் மலேசியாவும் அதை நேரில் பார்த்தவை.

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு. அதைப் படித்த டிரைவர் கெர்னலில் இருந்ததால், செயலி மட்டுமல்ல, கணினியே விழுந்தது. உலகம் முழுவதும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்யவேண்டி வந்தது. மலேசியாவில் ஏர்ஏஷியா பயணிகளும் வரிசையில் நின்றார்கள்.

அதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வெறும் பிழைதான். அதற்குப் பிறகு, பாதுகாப்பு மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே இயங்க வழி செய்யப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

கணினியைக் காக்கும் மென்பொருளையே கெர்னலிலிருந்து வெளியே நகர்த்தப் பார்க்கும் காலத்தில், விசிறியைச் சுற்றும் மென்பொருளுக்கு உள்ளே இடம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

லினக்ஸில் எப்படிச் செய்கிறார்கள்?

வேறு பாதை.

லினக்ஸ் கெர்னலுக்குள் 'ஹெச்டபிள்யூமான்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், அதன் டிரைவர் எண்களை ஒரே வடிவில்தான் தரவேண்டும். திரவத்தின் வெப்பநிலை 31.5 டிகிரி என்றால், ஒரு சிறிய கோப்பில் 31500 என்று எழுதியிருக்கும். விசிறி வேகம் இன்னொரு கோப்பில். வேகத்தை மாற்றவேண்டுமா? 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதவேண்டும்.

அந்தக் கோப்பைப் படிக்க எந்தச் செயலிக்கும் தனி அதிகாரம் தேவையில்லை. எழுதி மாற்றுவதற்கு மட்டும் நிர்வாகி அனுமதி வேண்டும். மீட்டர் வெளியே, சாவி உள்ளே.

தண்ணீர்க் குளிரூட்டிகளும் விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன:

• கோர்செர் 'கமாண்டர் புரோ' விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவி: 2020இல், லினக்ஸ் 5.9
• என்இசட்எக்ஸ்டி 'கிராக்கன்' இரண்டாம் வரிசைக் குளிரூட்டிகள்: 2021இல், லினக்ஸ் 5.13
• அக்வா கம்ப்யூட்டர் 'டி5 நெக்ஸ்ட்' பம்ப்: அதே ஆண்டில், லினக்ஸ் 5.15
• 'கிராக்கன்' மூன்றாம் வரிசை: 2024இல், லினக்ஸ் 6.9

டிரைவரின் மூலநிரல் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். கெர்னலில் சேரும் முன், அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள்.

அப்போ லினக்ஸில் பிரச்சினையே இல்லையா?

இருக்கு.

பட்டியலில் உள்ள டிரைவர்களில் பலவற்றை எழுதியவர்கள், கருவியைத் தயாரித்த நிறுவனங்களின் ஊழியர்கள் இல்லை. அதை வாங்கிய வாடிக்கையாளர்கள்.

நிறுவனம் மொழியின் இலக்கணத்தைத் தராததால், கருவிக்கும் அதன் விண்டோஸ் மென்பொருளுக்கும் இடையே யுஎஸ்பி கம்பியில் என்ன ஓடுகிறது என்று ஒட்டுக்கேட்டு, எண்ணுக்கு எண் அர்த்தம் கண்டுபிடித்து எழுதினார்கள்.

அதனால் கருவி கடைக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான் டிரைவர் வருகிறது. வந்தாலும் முழுமையாக வருவதில்லை. 'கிராக்கன்' இரண்டாம் வரிசைக்கு வந்த டிரைவரில் எண்களைப் பார்க்க மட்டுமே முடிந்தது. வேகத்தை மாற்ற 'லிக்விட்சிடிஎல்' என்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. வேகத்தையும் மாற்றும் வசதி மூன்றாம் வரிசைக்கான டிரைவரில்தான் கிடைத்தது.

நாளைக்கு நிறுவனம் கருவியின் உள்மென்பொருளை மாற்றினால், தொண்டூழியர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ஆக, விண்டோஸிலும் லினக்ஸிலும் சுமையைத் தூக்குவது ஒரே ஆள்: சம்பளம் வாங்காத தொண்டூழியர். லினக்ஸ் அவருக்கு உள்ளே வர ஒரு முறையான கதவைத் திறந்து வைத்தது. விண்டோஸில் கதவு கட்டணக் கதவு. அதனால் அவர் பின்வாசல் வழியாகப் போனார். இப்போது பின்வாசல் மூடப்பட்டுவிட்டது.

இதற்குப் பொது மொழி வரவே வராதா?

வரலாம். வந்த உதாரணம் இருக்கிறது.

எந்தக் கடையில் எந்த யுஎஸ்பி மௌஸ் வாங்கினாலும் செருகியதும் வேலை செய்கிறதே, எப்படி? எல்லா நிறுவனங்களும் ஒரே பொது மொழியை ஏற்றுக்கொண்டதால்தான்.

கணினிக்குள் மினுமினுக்கும் வண்ண விளக்குகளுக்கும் இப்போது பொது மொழி உண்டு. 2023இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11இல் 'டைனமிக் லைட்டிங்' வசதியைக் கொண்டுவந்தது. அதை ஏற்கும் கருவிகளின் விளக்குகளைத் தனி மென்பொருள் எதுவும் போடாமல், விண்டோஸ் அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

விளக்குக்கு வழி பிறந்தது. விசிறிக்கும் பம்ப்புக்கும் விண்டோஸில் அப்படி ஒரு வசதி இல்லை.

விளக்கு தவறாக எரிந்தால் கண்தான் கூசும். பம்ப் நின்றால் கணினியே நின்றுவிடும். எதற்கு முதலில் பொது மொழி வந்திருக்கவேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரிய தரவு நிலையங்களில் எப்படி?

அங்கே இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள்.

சர்வர் கணினிகளில் விசிறியையும் வெப்பநிலையையும் பார்த்துக்கொள்ள மதர்போர்டிலேயே ஒரு தனிச் சின்னக் கணினி இருக்கும். இயங்குதளம் விழுந்தாலும் அது விழாது. அதனுடன் பேச 'ஐபிஎம்ஐ' என்ற பொது மொழி 1998இலேயே வந்துவிட்டது. அடுத்த தலைமுறையான 'ரெட்ஃபிஷ்' 2015இல் வந்தது.

குளிரூட்டலுக்குப் போகும் ஒரு கட்டளை தவறினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

2023 அக்டோபர் 14. சிங்கப்பூரில் எக்குனிக்ஸ் தரவு நிலையத்தில் மேம்பாட்டுப் பணி நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒரு குத்தகையாளர் தவறுதலாகச் சமிக்ஞை அனுப்பினார். வெப்பநிலை ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் நின்றன.

சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று துணை அமைச்சர் ஆல்வின் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மின்னிலக்கச் சேவைகளுக்குள் நுழைய 810,000 வரையிலான முயற்சிகள் தோல்வியடைந்தன.

அது டிரைவர் பிரச்சினை இல்லை. வீட்டுக் கணினியை அதோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது: குளிரூட்டியிடம் யார், என்ன கட்டளை கொடுக்கலாம் என்பது சில்லறை விஷயம் இல்லை.

விண்டோஸில் இப்போது நிலைமை என்ன?

வின்ரிங்0க்கு மாற்றாக 'பான்ஐஓ' என்ற டிரைவர் வந்திருக்கிறது. அதற்கு முறையான கையொப்பம் உண்டு. 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்', 'ஃபேன் கன்ட்ரோல்' ஆகியவை 2025இல் அதற்கு மாறின.

வித்தியாசம் என்ன? பழையது மாஸ்டர் சாவி. புதியது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னச் சாவி. இன்ன சில்லின் இன்ன எண்ணை மட்டும் படிக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்ட சிறு நிரல்களை மட்டுமே அது ஏற்கும்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இதுவும் ஒரு தொண்டூழிய முயற்சியே. பலர் மறுபடியும் ஒரே டிரைவரை நம்பி நிற்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

நான் என்ன செய்யணும்?

உங்கள் கணினியிலோ பிள்ளைகளின் கணினியிலோ இப்படி எச்சரிக்கை வந்தால்:

• 'அனுமதி' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தவேண்டாம். அப்படிச் செய்தால், உங்கள் விசிறி மென்பொருளுக்கு மட்டுமல்ல, அதே டிரைவரைக் கொண்டுவரும் எதற்கும் வழிவிட்டதாகிவிடலாம்.

• மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அதன் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

• கிருமித்தடுப்பு மென்பொருளை முழுவதும் அணைத்துவைக்கச் சொல்லும் காணொளிகளை நம்பவேண்டாம்.

• மதர்போர்டில் செருகிய விசிறிகளின் வேகத்தை, கணினியை முடுக்கும்போது வரும் பயாஸ் திரையிலேயே அமைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த டிரைவரும் வேண்டாம். எந்த இயங்குதளமாக இருந்தாலும் வேலை செய்யும்.

• புதிதாகக் குளிரூட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மென்பொருள் இல்லாம இது தானா ஓடுமா?" அமைப்பைத் தன் நினைவகத்திலேயே சேமித்துவைக்கும் கருவி என்றால் நிம்மதி.

• லினக்ஸ் பயன்படுத்துபவர் என்றால், கருவியின் பெயர் கெர்னலின் 'ஹெச்டபிள்யூமான்' பட்டியலில் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை.

"விசிறி மென்பொருளை நீக்கினால் கணினி எரிந்துபோகுமா?" என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி, இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசசர்களில் 100 டிகிரி எனும் எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கணினி தானாக அணைந்துவிடும்.

கடைசியாக...

டிரைவரைத் தடுத்தது சரி. ஆனால் தடுப்பது மட்டும் தீர்வாகாது. விசிறியின் வேகம் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புவது தப்பில்லை. அந்த எண் நம் கணினிக்குள், நாம் காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் இருக்கிறது.

குளிரூட்டி நிறுவனங்கள் தங்கள் கருவி பேசும் மொழியை வெளியிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். விளக்குக்குச் செய்ததை மைக்ரோசாஃப்ட் விசிறிக்கும் செய்தால் மீதியும் தீரும். அதுவரை, யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதும் நிரலைத்தான் நாம் நம்பியிருக்கப்போகிறோம்.

அக்கா மகன் கடைசியில் 'நீக்கு' பொத்தானைத்தான் அழுத்தினான். பயாஸ் திரைக்குள் போய் விசிறிகளின் வேகத்தை அமைத்தான். அரை மணி நேர வேலை. சில மாதங்கள் கழித்து மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டான்.

"முன்னாடி இருந்ததைவிட இப்போ கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி சித்தி. புதுசு இன்னும் என் குளிரூட்டியோட தண்ணீர் சூட்டைக் காட்டல" என்றான்.

சொல்லிவிட்டு, அந்த மென்பொருளை எழுதியவருக்கு முதல்முறையாக ஐந்து வெள்ளி நன்கொடை அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னான்.